முதல் வகுப்பு

நான் பி.ஏ. அரசியல் அறிவியல் படித்தவன். மதுரையில், தமிழ் வழியில் படித்து முதல் வகுப்பில் தேறினேன். அந்த மூன்றாண்டில் அரசியல் என்ற ஒன்றைப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிட்டேன் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது பொய். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

கேட்டுப் போனது காமர்ஸ். பட்டியலில் பெயர் வரவில்லை. அரசியல் அறிவியலில் இடம் காலியாக இருந்தது. விரும்பி வந்தவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. 'கலெக்டருக்குப் படிக்கிறான்' என்று அம்மா ஊரில் சொல்லிவந்தாள். அதை நம்பியோ என்னவோ, நானும் ஒழுங்காகப் படித்தேன். படிப்பு என்றால் மனப்பாடம். பிளேட்டோ, ஹாப்ஸ், ரூசோ என யார் வந்தாலும் ஐந்து தலைப்பு, ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு, கடைசியில் ஒரு முடிவுரை. அமைப்பு எதுவானாலும் 'நிறைகள்', 'குறைகள்' என்று இரண்டு பத்தி. பஞ்சாயத்து ராஜின் குறைகள் எனக்கு இன்றும் மறக்கவில்லை: கல்வியறிவின்மை, நிதிப் பற்றாக்குறை, சாதியுணர்வு, அதிகாரிகளின் தலையீடு. சாதி மூன்றாவது. அதற்கு ஒரு வரி.

நான் கல்லூரியில் சேர்ந்தது 1997 ஜூனில். அந்த மாதம் 30ஆம் தேதிதான் மேலூர் வட்டம் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் அவரோடு வந்த சிலரும் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். முருகேசன் செய்த குற்றம், தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய பதவிக்குப் போட்டியிட்டு வென்றது. ஒதுக்கீடு வந்தது 73ஆவது திருத்தத்தால். 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருப்பது. அதன் 243-டி பிரிவு எனக்குத் தலைகீழாகத் தெரியும். மக்கள்தொகை விகிதப்படி இடங்கள், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, சுழற்சி முறை. தேர்வில் அதற்கு எனக்கு நல்ல மதிப்பெண்.

என் வகுப்பில் மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன். மூன்றாம் ஆண்டு மாதிரித் தேர்வுக்கு எழுதிப் பழகிய விடைகளைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுப்பான். வகுப்பில் முதல் மார்க் நான்தான். பஞ்சாயத்து ராஜ் பற்றிய விடையில் 'குறைகள்' என்ற தலைப்பின் கீழ் மேலவளவைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தான். நடை அவ்வளவு சரியில்லை. ஆனால் யார் மனு போட்டார்கள், யார் மிரட்டினார்கள், முதலில் தேர்தல் ஏன் நின்றுபோனது, போலீஸ் எங்கே நின்றது என்று எல்லாம் இருந்தது. எங்கள் நோட்ஸ் எதிலும் இல்லாத அரசியல் அறிவியல் அது.

நான் பென்சிலை எடுத்துக் குறுக்கே கோடு போட்டேன். "இதெல்லாம் பேப்பர் செய்திடா. திருத்துறவருக்குக் கடுப்பாகும். பல்வந்த்ராய் மேத்தா குழு 1957, அசோக் மேத்தா குழு 1977, இதைப் போடு. மார்க் வரும்" என்றேன்.

"அப்ப இது எந்தப் பேப்பர்லதான்டா வரும்?" என்று கேட்டான்.

நான் சிரித்தேன். அவனும் நான் சொன்னபடியே எழுதினான். உதவி செய்ததாகவே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விவரம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு உறவு உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் 1996இல் தொடங்கிப் பத்தாண்டு தலைவர் தேர்தல் உருப்படியாக நடக்கவில்லை. மனுப்போட ஆளில்லாமல் செய்வது ஒரு வழி. தங்கள் சொல்படி கேட்கும் ஒருவரை நிறுத்தி ஜெயிக்கவைத்து, உடனே ராஜினாமா எழுதி வாங்குவது இன்னொரு வழி. ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமா இதை வடிவேலு காமெடி சொல்வதுபோலச் சொன்னார். இலையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். 'மாப்ள பொலிட்டிக்கல் சயின்ஸ் படிக்கிறாரு, அவர்ட்ட கேளுங்க, இது சட்டப்படி செல்லுமா?' என்று என்னையும் இழுத்தார். ராஜினாமா செல்லும், ஆனால் மறுபடி தேர்தல் வைக்க வேண்டும், அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், பிரிவு 243-கே என்று ஒப்பித்தேன். பாராட்டி இன்னொரு கரண்டி பாயசம் விட்டார்கள். குடித்தேன்.

எங்கள் சாதிதான் அந்தப் பக்கம் பெரும்பான்மை. அதன் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன் என்பதைக் கவனிப்பீர்கள். அந்தப் பழைய வியாதி இன்னும் முழுதாகக் குணமாகவில்லை.

பிறகு கொஞ்சம் படித்தேன், உண்மையாகவே. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசிய கடுமையான பேச்சை வாசித்தபோது, அது நான் பாயசம் குடித்த பந்தியைப் பற்றியது என்று புரிந்தது. அதே மாதம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு அரசியலமைப்பில் இடம் கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தவர் கே. சந்தானம், நம் தமிழ்நாட்டுக்காரர். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார், அது 40ஆவது பிரிவானது. இந்த இழுபறியை ஒரு பாடமாக நடத்தியிருந்தால், அவன் எழுதிய பக்கம் அதற்குள் தானாக வந்து உட்கார்ந்திருக்கும். நடத்தாதது பாடத்திட்டத்தின் குறை என்று தள்ளிவிடலாம். கோடு போட்ட பென்சில் என்னுடையது.

2006 அக்டோபரில், உதயச்சந்திரன் மதுரை கலெக்டராக இருந்தபோது, உசிலம்பட்டிப் பக்கத்து அந்த ஊராட்சிகளில் ஒருவழியாகத் தேர்தல் நடந்து, தேர்வானவர்கள் பதவியில் நீடித்தார்கள். 2021 காந்தி ஜெயந்தியன்று முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் போய் உட்கார்ந்தார். டி.வி.யில் பார்த்துக் கைதட்டினேன். அதற்கு எந்தச் செலவும் இல்லை. மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலையானபோது நான் ஒன்றும் பேசவில்லை. உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைக் கொண்டாடியவர்களுக்கும் பதில் போடவில்லை. குழுவை விட்டு வெளியேறவும் இல்லை.

இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். மேலவளவைச் சொல்கிறேன். ஆனால் முதலில் திருத்தத்தின் எண்ணும் தேதியும். நேரம் மிஞ்சினால்தான் மேலவளவு. பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. போன தையில் அவர் கொள்ளுப்பேரன் காதுகுத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். "நம்ம பக்கம் இப்ப எல்லாம் சரியாப் போச்சு மாப்ள, அந்தக் காலத்துல சும்மா வெளையாட்டுக்குச் செஞ்சது" என்றார். அவரோடு படியிறங்கிக்கொண்டே "ஆமா மாமா" என்றேன்.