ஓசை சான்றாகுமா?

பேருந்தின் சக்கரத்தைப் பிடித்து நிற்பவை சில போல்ட்டுகள். அவற்றை முறுக்குவது தொழிலாளத் தோழனின் கை. எவ்வளவு முறுக்குவது என்று அந்தக் கைக்கு அளவு சொல்வது டார்க் ரெஞ்ச். முறுக்கம் குறைந்தால் ஓட்டத்தின் அதிர்விலே நட்டு கழலும். மிகுந்தால் போல்ட் தன் வலிமைக்கு மேல் இழுபட்டு என்றோ முறியும். இவ்விரண்டுக்கும் இடையே ஊசலாடுகிறது பயணிகளின் உயிர்!

பிடியைத் திருகி 100 நியூட்டன் மீட்டர் என்று வைக்கிறோம். உள்ளேயிருக்கும் சுருள்வில் இறுகுகிறது. அளவு எட்டியதும் ‘டக்’ என்கிறது கருவி. கேட்கிறோம், நம்புகிறோம், அடுத்த போல்ட்டுக்குச் செல்கிறோம். ஆனால் வில் தளர்ந்தபின்னும் அதே ‘டக்’. கருவி தரையில் விழுந்து அடிபட்டபின்னும் அதே ‘டக்’! 85-இல் எழுந்த ஓசைக்கும் 115-இல் எழுந்த ஓசைக்கும் காது வேறுபாடு காணுமோ?

“பத்து ஆண்டு உழைத்த கருவி, ஐயுறாதே” என்பார் சிலர். பழமை எப்போது சான்றாயிற்று, தோழர்களே? ஆயுதபூசை நாளில் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். அந்தப் பொட்டு, தளர்ந்த வில்லை ஒரு மயிரிழையேனும் நிமிர்த்தியதுண்டா?

ஆய்வு நிமிர்த்தும். 2017-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 6789 என்னும் உலகத் தர விதி வழி கூறுகிறது. தனி ஏற்பாடு இல்லாத இடத்தில், 12 மாதம் அல்லது 5,000 முறை, எது முந்துகிறதோ அதற்குள் கருவியைச் சோதித்தாக வேண்டும். முதலில் அதன் பெரும அளவில் ஐந்து முறை இயக்கிப் பழக்குவர். பிறகு அந்த அளவின் 20, 60, 100 விழுக்காடுகளில் ஐந்தைந்து முறை அளந்து குறிப்பர். 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட கருவியானால் பிழை 4 விழுக்காட்டைத் தாண்டலாகாது. தாண்டினால் திருத்து, திருந்தாவிடில் ஒதுக்கு! அத்தோடு முடிவதில்லை. சென்ற சோதனைக்குப்பின் அது முறுக்கிய போல்ட்டுகளையும் தேடிச்சென்று பார்த்தாக வேண்டும்.

சோதிக்கும் பொறியையும் சோதிக்க வேண்டாவோ? வேண்டும். அதைச் சோதிக்க ஆய்வுக்கூடம். அதற்கும் மேலே புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். நியூட்டனுக்கு அடிப்படையான கிலோகிராமும் கேள்விக்குத் தப்பவில்லை. 1889 முதல் பாரிசுக்கு அருகே அரியணையில் வீற்றிருந்த உலோகக் கட்டியை அதன் நேர்ப்படிகளோடு ஒப்பிட்டனர், வேறுபாடு கண்டனர். 2019 மே 20 அன்று அது அரியணை இழந்தது. பிளாங்க் மாறிலி அவ்விடத்தில் அமர்ந்தது. உலகுக்கே எடை சொன்ன கட்டியை எடைபோட்டுப் பார்த்ததே அறிவியலின் மாண்பு!

ஆகவே, இளைஞனே, கருவியை எடுக்குமுன் அதில் ஒட்டியுள்ள சோதனைச் சீட்டின் நாளைப் பார். நாள் கடந்திருந்தால் கீழே வை. மேலாளர் முறைத்தாலும் ஏனென்று எடுத்துச் சொல். முகம் தெரியாத பயணி ஒருவர் உன் ஐயத்தால் உயிரோடு வீடு திரும்புவார்.