ராட்சசனுக்குப் பல் இருந்ததா?

காரவள்ளி டீக்கடையில் நிற்பவர்கள் அநேகமாக இரண்டு ரகம். கொல்லிமலைக்கு ஏறப் பயந்து டீ குடிப்பவர்கள். இறங்கி வந்து, 'அப்பாடா, பிழைச்சோம்' என்று டீ குடிப்பவர்கள். மலைக்கு இதுதான் வாசற்படி. இங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். டீக்குப் பக்கத்திலேயே எலுமிச்சம்பழமும் விற்கிறார்கள். எதற்கென்று பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைக்காதவர்களைக் கேளுங்கள்.

நான் மூன்றாவது ரகம். ஒரு ராட்சசனின் பல்லைப் பற்றி விசாரிக்க வந்திருந்தேன்.

சின்ன வயதில் எங்கள் ஊரில் ஒரு கதைப் பூங்கா இருந்தது. சிமெண்ட்டில் முதலை, குரங்கு, வடை திருடிய காக்கா, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ராட்சசன். முதுகுப் பக்கம் படி ஏறி, அவன் வாய் வழியாக வெளியே வந்து, நாக்கில் சறுக்கி மணலில் விழ வேண்டும். ராட்சசனின் பற்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு ஜில்லென்கிறது. மேலே எட்டு, கீழே எட்டு, ஒவ்வொன்றும் கைமுழம் நீளம். இரண்டாம் வகுப்பில் வாய் வரை போய், பயந்து, வந்த படியிலேயே இறங்கி ஓடியவன் நான். என் டிராயர் நிலவரம் பற்றி இங்கே வேண்டாம்.

பிறகு பூங்காவைப் பூட்டினார்கள். சீமைக் கருவேலம் காடாக வளர்ந்தது. காக்காவின் வடை போயிற்று, அப்புறம் காக்காவே போயிற்று. சமீபத்தில், 'எல்லாவற்றையும் இடித்துவிட்டு பிளாஸ்டிக் ஊஞ்சல் வைக்கலாம்' என்று பேச்சு கிளம்பியதும், பழைய பையன்கள் பத்துப் பேர் கூடினோம். 'ஒரு மாசத்துல எஸ்டிமேட் கொடுங்க, பார்க்கலாம்' என்று பதில் வந்தது. பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்கு என் தலையில். அதில் பன்னிரண்டாவது ஐட்டம்: 'ராட்சசன் பல், புதிது, 16 எண்ணம்.'

'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று நண்பர்கள் கேட்டபோது அமெரிக்காவைத் துணைக்கு அழைத்தேன். மேரிலாந்து மாநிலத்தில் எல்லிகாட் ஸிட்டி என்று ஓர் ஊர். அங்கே 1955 ஆகஸ்ட் 15-ல், டிஸ்னிலாண்ட் திறந்து ஒரு மாதம் ஆவதற்குள், 'என்சாண்டட் ஃபாரஸ்ட்' என்ற தேவதைக் கதைப் பூங்காவைத் திறந்தார்கள். சிண்ட்ரெல்லாவின் பூசணிக்காய் வண்டி, மூன்று கரடிகளின் வீடு, பாட்டி குடியிருக்கும் ஷூ வீடு... (மும்பை கமலா நேரு பூங்காவில் ஒரு ஷூ வீடு பார்த்திருப்பீர்களே, அந்த ஜாதி.) 1980-களின் கடைசியில் மூடுவிழா. பக்கத்தில் ஷாப்பிங் சென்டர் வந்துவிட்டது. பொம்மைகள் புதருக்குள் மழையில் நனைந்து கிடந்தன.

2004-ல் அந்தப் பூசணிக்காய் வண்டி ஏலத்துக்கு வந்தது. சில மைல் தள்ளியிருந்த கிளார்க்ஸ் எலியோக் பண்ணைக்காரர்கள் அதை எடுத்தார்கள். ஆசை விடவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் மிச்சத்தையும் ஒவ்வொன்றாக லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஓட்டை அடைத்து, பெயிண்ட் அடித்து வைத்தார்கள். சின்ன வயதில் அங்கே ஓடியாடியவர்கள் தங்கள் பேரன் பேத்திகளோடு வந்தார்கள். 'பூசணிக்காயையே காப்பாத்தியிருக்கான். நம்ம ராட்சசன் என்ன இளப்பமா?' என்றேன். எடுபட்டது.

ராட்சசனைச் செய்த கொத்தனார் காரவள்ளிப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்று துப்புக் கிடைத்ததால்தான் இந்தப் பயணம். வயது எண்பதை நெருங்குகிறது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, நான் கொடுத்த போட்டோவைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இடிக்காதீங்க தம்பி. சுத்தியலால மெல்லத் தட்டிப் பாருங்க. 'பொத்து பொத்து'ன்னு சத்தம் வர்ற இடத்துல பூச்சு விட்டிருக்கும். அதை மட்டும் எடுங்க. கம்பியில துரு போகத் தேச்சு, கோழி வலை கட்டி, மறுபடி பூசுங்க. ஈரச் சாக்குப் போட்டுப் பத்து நாள் தண்ணி விடோணும். அவசரப்பட்டா வெடிச்சுப் போகுமுங்க."

நாமக்கல் ஜில்லாவில் கோழி வலைக்கா பஞ்சம்? எழுதிக்கொண்டேன். அடுத்து, "பல்லு எந்த சைஸுங்க?" என்றேன்.

"எந்தப் பல்லு?"

"ராட்சசன் பல்லுங்க. பதினாறும் உடைஞ்சு போச்சு."

பெரியவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பல்லே வைக்கலீங்களே. குழந்தைங்க சறுக்கற வாய்லே பல்லு வெச்சா மண்டை உடையாதுங்களா? மீசை மட்டும்தான் வெச்சேன். அது எங்க மாமனார் மீசை."

எனக்குப் பேச்சே வரவில்லை. "நான் பார்த்தேனுங்க!" என்றேன், ஏழு வயசுப் பையன் மாதிரி.

"பயந்திருப்பீங்க. அதான் தெரிஞ்சிருக்கும்" என்றார் சாதாரணமாக.

மனசு சரியில்லாமல் மேலே போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன். முப்பதாவது வளைவுக்கு மேல் காற்று மாறியது. எழுபது முடிந்ததும் பலா, மிளகு, காப்பி. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் அவருக்கு விழா எடுக்கிறார்கள். அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயில், ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கினால் ஆகாய கங்கை. திரும்பி ஏறும்போதுதான் அது ஆகாயத்தில் இருப்பது முழங்காலுக்குப் புரியும்.

ராட்சசனுக்கு முன்பே என்னைப் பயமுறுத்தியவள் இந்த மலையில்தான் இருக்கிறாள். கொல்லிப்பாவை! சிரித்தே ஆளை மயக்கிக் கொன்றுவிடுவாள் என்பாள் பாட்டி. எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்று சொல்கிறவர்கள் உண்டு. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அவள் பேர் வருகிறது. அந்தச் சிரிப்பை என் பாட்டி பார்த்ததில்லை. பாட்டிக்குச் சொன்ன பாட்டியும் பார்த்திருக்க மாட்டாள். ஆனாலும் இரண்டாயிரம் வருஷமாக ஒரு விரிசல் இல்லாமல் நிற்கிறாள். சிமெண்ட் செலவு பூஜ்யம். யாரோ ஒருத்தர் ராத்திரியில் ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொண்டே வந்ததுதான் பராமரிப்பு.

என் பெண்ணுக்கு நான் இதுவரை ஒரு கதையும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆபீஸ் விட்டு வந்தால் செல்போனைக் கையில் கொடுத்துவிடுகிற ஜாதி நான். ராட்சசனை ரிப்பேர் செய்து, கதை தெரியாத குழந்தைகளை அவன் முன்னால் நிறுத்தி என்ன பிரயோஜனம்?

இறங்கும் பஸ்ஸிலேயே எஸ்டிமேட்டை எடுத்துப் பன்னிரண்டாவது ஐட்டத்தை அடித்தேன். கணக்கில் கொஞ்சம் மிச்சம். அன்று ராத்திரி என் பெண்ணை உட்கார வைத்து, ராட்சசன் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டாள். கடைசியில் போட்டோவைக் காட்டினேன்.

உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். "எம்மாம் பெரிய பல்லுப்பா!"