பென்னலூர்: கையா... கன்னா?

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 35 கிலோமீட்டர். பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் தாண்டி, இருங்காட்டுக்கோட்டையையும் தாண்டினால் பென்னலூர். 'தாண்டி, தாண்டி' என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தாண்டுவதற்கு அனுமார் பலம் வேண்டும்! ஊர்ப் பெயரைச் சொன்னால் பலர் விழிப்பார்கள். "வெங்கடேஸ்வரா இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கே, அந்த ஊர்" என்றால், "அட, அதுவா!" என்பார்கள்.

இன்னும் கொஞ்சம் போனால் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் அவதரித்த ஊர். 1991 மே 21-ம் தேதி ராஜீவ் காந்தி உயிரிழந்த ஊர். இப்போது இந்த வட்டாரத்துக்கு மூன்றாவதாக ஒரு விலாசம்: கார் பிறக்கிற இடம்.

1996-ல் இந்தியாவில் கால் வைத்த ஹூண்டாய், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை ரோட்டுக்கு அனுப்பியது. பிறகு ஒரகடம் பக்கம் வரிசையாக வந்து இறங்கினார்கள். 2010-ல் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இவர்களுக்கெல்லாம் முன்னாலேயே, 1990-ல், இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் மைதானம் வந்தாச்சு. ஆக, கார் பிறப்பதும் இங்கேதான், பறப்பதும் இங்கேதான்.

சரி, பிறந்த காருக்கு வைத்தியம்? அதைப் பார்க்கத்தான் சர்வீஸ் ரோட்டில் இறங்கி நடந்தேன்.

தகரக் கொட்டகை. வாசலில் அடுக்கிய பழைய டயர்கள். உள்ளே ஒரு மரப்பலகையில் ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பத்து-பதினொண்ணு, பன்னெண்டு-பதிமூணு, பதினாலு-பதினஞ்சு... வாய்ப்பாடு மாதிரி! ஒரே ஓர் ஆணி மட்டும் காலி.

"அது பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் ஸார். வாங்குனா ஒரு வாரம் இருக்கும். அப்புறம் எங்க போவும்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்" என்றார் கடைக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உள்ளங்கையைக் காட்டினார். ரேகை எது, கிரீஸ் எது என்று பிரிக்க முடியவில்லை. ஜோசியக்காரர்கள் திணறிவிடுவார்கள்!

கொட்டகையின் மூலையில் ஒரு ஏர் கம்ப்ரஸர். அதிலிருந்து ஓஸ் பைப், ஓஸ் நுனியில் துப்பாக்கி மாதிரி ஒரு சாதனம். மெக்கானிக்குகள் பாஷையில் 'கன்'. விசையை அழுத்தினால் 'டர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம், நாலு நட்டும் நிமிஷத்தில் கழன்று கையில் வந்துவிடுகிறது. உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் சுழன்று சுழன்று அடிக்கிறது. துருப்பிடித்து இறுகிய நட்டு, நிதானமாக அழுத்தினால் அசையாது. இந்த அடி விழுந்தால் துரு உடைந்து விட்டுக்கொடுத்துவிடும். அதிகாரத்துக்கு மசியாதவன் அடிக்கு மசிவதில்லையா, அந்தக் கதைதான்.

"அப்ப இந்த ஸ்பேனரெல்லாம் எதுக்கண்ணே?" என்று கேட்டேன்.

"கழட்டறதுக்கு கன்னு ஸார். மாட்டறதுக்குக் கை" என்றார் பட்டென்று.

சொல்லிவிட்டு ஒரு கதையும் சொன்னார். போன மழைக்காலத்தில் ராத்திரி பத்து மணிக்குமேல் ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு இவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, காரோடு கொடுத்த ஸ்பேனரும் இருக்கிறது. நட்டுதான் அசையவில்லை. அந்த மனிதர் ஸ்பேனர் மேல் ஏறி நின்றே பார்த்துவிட்டார்! பக்கத்திலேயே லாரிகள் உரசிக்கொண்டு பறக்கின்றன. எங்கேயோ டயர் மாற்றியபோது, யாரோ ஒரு பையன் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று கடைசி வரைக்கும் முடுக்கி அனுப்பியிருக்கிறான்.

"நாலடி பைப்பைச் செருகி நான் மிதிச்சேன். மூணு நட்டு வந்துச்சி. நாலாவது போல்ட்டோட முறிஞ்சி வந்துச்சி. அந்தப் பொண்ணு குழந்தைய வச்சிக்கிட்டு ரோட்டோரமா நின்னுது பாருங்க... இன்னும் கண்ணுலயே நிக்குது ஸார்."

இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பயப்படாதீர்கள். சின்ன கார்களின் சக்கர நட்டுக்குத் தேவையான முறுக்கு சுமார் 100 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீள ஸ்பேனராக இருந்தால், நுனியில் 40 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும். சராசரி மனிதர் கொஞ்சம் முக்கினால் போதும். சாதாரண கன்னோ 500 நியூட்டன் மீட்டர் வரைக்கும்கூடப் போகும். அதைக் கழட்ட, அதே ஸ்பேனரில் 200 கிலோ வேண்டும். மாமனார், மாமியார் எல்லாரும் ஏறி நின்றால்தான் உண்டு!

போல்ட் என்பது பார்க்கத்தான் முரட்டு இரும்பு. முடுக்கும்போது அது ஸ்பிரிங் மாதிரி துளி நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கிற அந்தத் துடிப்புதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அளவுக்கு மேல் இழுத்தால் ஸ்பிரிங் செத்துவிடும், ஒருநாள் முறியும். குறைவாக முடுக்கினாலும் ஆபத்து. ஓட்ட அதிர்ச்சியில் தளர்ந்து, சக்கரம் தனியாகக் காஞ்சிபுரம் கிளம்பிவிடும்.

இன்னொரு வேடிக்கை. நாம் முடுக்குகிற பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் போகிறது. மற்றதெல்லாம் உரசலுக்கே காணிக்கை. அதனால்தான் சக்கர நட்டு மரையில் எண்ணெய் விடக்கூடாது என்கிறார்கள். உரசல் குறைந்தால், அதே முடுக்கில் போல்ட் தாங்காத அளவுக்கு இழுபட்டுவிடும்.

இந்த அளவு விவகாரம் புதிதல்ல. நியூயார்க் நகரக் குடிநீர் இலாகாவில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், குழாய் போல்ட்டுகளை ஆட்கள் கண்டபடி முடுக்குவதைத் தடுக்க 1918 வாக்கிலேயே ஒரு ஸ்பேனர் கண்டுபிடித்தார். அதுதான் டார்க் ரெஞ்ச். வேண்டிய அளவை வைத்துத் திருகினால், அளவு வந்ததும் இந்தக் காலத்து ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும். போதும், கையை எடு என்று அர்த்தம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கடைக்காரரின் மகன் ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு பைக்கில் வந்து இறங்கினான். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவனும் நாள் முழுக்க நட்டுதான் முடுக்குகிறான். ஆனால் அவன் கன் வேறு ஜாதி! காற்று இல்லை, கரன்ட். அளவு வந்ததும் தானே நின்றுவிடும். பச்சை விளக்கு எரிந்தால் சரி. சிவப்பு எரிந்தால் வண்டி அடுத்த இடத்துக்கு நகராது. எந்த வண்டியில் எந்த நட்டு எவ்வளவு முறுக்கில் ஏறியது என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்கிறது.

"எங்க அப்பா 'கை சொல்லும்'பாரு ஸார். கை ஒரு நாளைக்கு ஒண்ணு சொல்லும். காய்ச்சல் வந்தா ஒண்ணு, கோவம் வந்தா ஒண்ணு" என்றான் மகன்.

"டேய், பச்ச லைட்டு எரியலன்னா உனக்கு முடுக்கத் தெரியுமாடா? மரை ஏடாகூடமா ஏறுனா உன் கன்னு முறிச்சிடும். என் விரலு ரெண்டாவது சுத்துலயே கண்டுபுடிச்சிடும்!"

"அதுக்கு எங்க மிஷின்ல பாதுகாப்பு இருக்குதுப்பா."

"மிஷினுக்கு இருக்குது. உனக்கு?"

மகன் பதில் சொல்லவில்லை. அப்பா அத்தோடு விட்டாரா? என்னிடம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கிழமை இங்க வந்து நில்லுடான்றேன் ஸார், வரமாட்றான். நாளைக்கு அந்த வேலை இல்லன்னா கையில தொழில் இருக்கணும் இல்ல?"

அவர் கவலை வீண் கவலை என்று சொல்லத் தோன்றவில்லை. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் செல்போன் செய்ய வந்த நோக்கியா தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டது. மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்தியது. பச்சை விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் மகன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அப்பாவால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடிவதில்லை. முப்பது வருஷம் ஸ்பேனரை இழுத்ததற்கு சம்பளம் போக மிச்சம் அது! கன்னிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அதிர்வு விரல் நரம்பைப் பதம் பார்க்கும். சத்தம் காதைப் பதம் பார்க்கும். காதடைப்பான் போட்ட மெக்கானிக்கை நம் ரோட்டோரத்தில் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரு சமாதானம் இருப்பதை அப்புறம்தான் கவனித்தேன். பலகைக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பெட்டி. உள்ளே டார்க் ரெஞ்ச். மகன் தன் முதல் தீபாவளி போனஸில் வாங்கிக் கொடுத்தது. அப்பா முதல் இரண்டு சுற்று விரலால் ஏற்றுகிறார், பிறகு ஸ்பேனர், குறுக்கும் நெடுக்குமாக. ஒரு நட்டு, அதற்கு எதிர் நட்டு. கடைசியில் டார்க் ரெஞ்ச். 'டிக்' சத்தம் கேட்டதும், "நானும் இதேதான் வச்சிருந்தேன்" என்று மகனைப் பார்த்து ஒரு முறைப்பு. வேலை முடிந்ததும் அளவை அடிமட்டத்துக்கு இறக்கித்தான் பெட்டியில் வைக்கிறார். உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துபோகக் கூடாதாம். அதைக் கொண்டு நட்டு கழட்ட யாரையும் விடுவதில்லை.

உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த முறை டயர் மாற்றும்போது, கன் சத்தம் ஓய்ந்ததும் "தம்பி, கடைசி முடுக்கு கையால போடுப்பா" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து, வண்டியில் இருக்கிற ஸ்பேனரால் ஒரு நட்டையாவது தளர்த்தி, மறுபடி முடுக்கிப் பாருங்கள். பகலில், வாசலில் தெரிந்துகொள்வது நல்லது. ராத்திரி பத்து மணிக்குப் பென்னலூர் ரோட்டோரத்தில் தெரிந்துகொள்ள வேண்டாம்.