கை மாறிய கம்பளி

டில்லியில் கூதிர்ப் பருவம் வந்துவிட்டது என்பதை எங்கள் வீட்டில் முதலில் அறிவிப்பது நாட்காட்டி அன்று. குளியலறை மாடத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியே. வெப்பம் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவ்வெண்ணெய் மங்கத் தொடங்கும். பிறகு அடியில் வெண்மணல்போல் திரளும். ஒரு நாள் காலையில் கவிழ்த்தாலும் விழாதபடி உறைந்து நிற்கும். புட்டியை வெயிலில் வைக்கும் அன்றே, பரண்மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியையும் இறக்கிவிடுவது எங்கள் வழக்கம்.

தமிழ்நாட்டில் ஐப்பசி என்றால் அடைமழை. டில்லியிலோ தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் இறுதியிலேயே விடைபெற்றுவிடுகிறது. அக்டோபர் 20-ஆம் நாளை ஒட்டி ஊரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது, இங்கே வானம் துடைத்துவிட்ட பலகைபோல் வெறிச்சென்று இருக்கும். ஊரிலிருந்து பேசுவோர் தெருவில் ஓடும் வெள்ளத்தைச் சொல்ல, நாங்கள் மாடியில் காயும் கம்பளியைச் சொல்வோம். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று நம் முன்னோர் வகுத்தனர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நக்கீரரின் நெடுநல்வாடை 188 அடிகளில் அக்குளிரைத்தான் பாடுகிறது. வாடை என்பது வடக்கிலிருந்து வரும் காற்று. அக்காற்று புறப்படும் திசைக்கே குடிவந்துவிட்டு, பின் அதைப் பற்றி நாம் முறையிடுவது சிறிது நகைப்புக்கு உரியதுதான்.

இப்பருவத்தின் குளிர் மார்கழிக் குளிரைப் போல நாள் முழுவதும் இருப்பதன்று. நவம்பர் நடுவில் விடியற்காலை 12 அல்லது 13 டிகிரி. நண்பகலில் 27 அல்லது 28. ஒரே நாளுக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், ஒரு தடித்த உடையைக் காட்டிலும் பல மெல்லிய உடைகளே உதவும். காலையில் பனியன்மேல் சட்டை, சட்டைமேல் கையில்லா ஸ்வெட்டர், அதன்மேல் முழுக்கை ஸ்வெட்டர், காதைச் சுற்றி மஃப்ளர். பத்து மணிக்கு மஃப்ளர் கழலும். பன்னிரண்டு மணிக்கு முழுக்கை கழலும். மாலை ஐந்தரைக்குக் கதிரவன் மறைந்ததும் கழன்றவை எல்லாம் அதே வரிசையில் திரும்ப ஏறும். வீட்டிலுள்ள ஸ்வெட்டர்களில் மிகப் பழையது எவருக்கும் உரியதன்று. அது இட்லி மாவுப் பாத்திரத்துக்கு உரியது. அதைச் சுற்றி வைக்காவிட்டால் மாவு புளிக்காது. மறுநாட் காலைச் சிற்றுண்டியும் இல்லை.

இந்நாட்களில் மாலை வேளைகளில் ஏழிலைப்பாலை பூத்துத் தெரு முழுவதும் மணக்கும். தள்ளுவண்டியில் முள்ளங்கியும் வெந்தயக்கீரையும் வந்து சேரும். வில்போன்ற கருவியைத் தோளில் சாத்தி, அதன் நரம்பைத் தட்டி ஒலியெழுப்பிக்கொண்டு பஞ்சடிப்பவர் வருவார். சென்ற ஆண்டின் ரஜாயைப் பிரித்து, கட்டிபட்ட பஞ்சை அடித்து நுரைபோலாக்கி, திரும்ப உறையில் நிரப்பித் தைத்துக் கொடுப்பார். பஞ்சு பழையதுதான், உறக்கம் புதியது. இவ்வின்பங்களுக்கிடையே ஒரு துன்பமும் உண்டு. அறுவடைக்குப் பின் வயல்களில் எரிக்கும் தாளடிப் புகையும் நகரத்தின் சொந்தப் புகையும் சேர்ந்து, பல ஆண்டுகளாக இப்பருவத்தைக் கெடுத்துவருகின்றன. 2016 நவம்பரில் பள்ளிகளையே சில நாள் மூடும்படி ஆயிற்று. புகை மிகுந்த நாட்களில் கம்பளியை மாடியில் காயவைக்கவும் தயக்கமாக இருக்கிறது.

டிரங்குப் பெட்டியைத் திறந்தால் பாச்சை உருண்டையின் நெடி முதலில் வரும். அதனுள் இருப்பவற்றில் நாங்கள் கடையில் விலைகொடுத்து வாங்கியவை மிகச் சில. மற்றவை யாவும் கை மாறி வந்தவை.

1991-ஆம் ஆண்டு ஐப்பசியில், மாற்றல் உத்தரவுடன் கும்பகோணத்திலிருந்து டில்லி வந்து இறங்கினோம். எங்களுடன் பாட்டியும், ஆறு வயது மகளும் வந்தனர். கொண்டுவந்த உடைகள் யாவும் பருத்தி. மேல்வீட்டில் இருந்த தமிழ்க் குடும்பம் அந்த வாரமே சென்னைக்கு மாற்றலாகிப் புறப்பட இருந்தது. அவ்வீட்டு அம்மையார் ஒரு பெரிய மூட்டையைக் கொணர்ந்து எங்கள் கூடத்தில் வைத்தார்.

"சென்னையிலே இதுக்கெல்லாம் என்ன வேலை? எங்களுக்கும் இப்படித்தான் ஒருத்தர் கொடுத்துட்டுப் போனாங்க. நீங்க போறப்ப அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூட்டையில் நான்கு ஸ்வெட்டர்களும், ஒரு சால்வையும், பள்ளிக்குழந்தை அணியும் கருநீலக் கோட்டு ஒன்றும் இருந்தன. பாட்டி அவற்றைத் தொடவில்லை. பிறர் உடுத்ததை உடுப்பதில்லை என்பது அவர் வளர்ந்த முறை. மயிலுக்குத் தன் போர்வையையே ஈந்த பேகனின் கதையை நாங்கள் நயமாக எடுத்துச் சொன்னோம். "மயிலுக்கு ஆசாரம் கிடையாது, எனக்கு உண்டு" என்றார். அதற்கு மேல் என்ன சொல்வது?

அவ்வாண்டுத் தீபாவளி விடியலில் எண்ணெய் நீராடிவிட்டு, மகள் பட்டுப் பாவாடையுடன் நடுங்கிக்கொண்டு மத்தாப்புக் கொளுத்தினாள். புதுத் துணியின்மேல் பழந்துணியா என்று பாட்டி தடுத்ததால் ஸ்வெட்டர் போடவில்லை. பாட்டியும் இரண்டு பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு, குளிர் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை பிறந்து பள்ளியில் குளிர்காலச் சீருடை தொடங்கியது. மகளுக்கு அந்தக் கருநீலக் கோட்டை அணிவித்து அனுப்பினோம். கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் முன்பு அணிந்த பெண்ணின் பெயர் நூலால் தைத்திருந்ததை நாங்கள் பொருட்படுத்தவில்லை. வகுப்புப் பிள்ளைகள் பொருட்படுத்தினர். அதைப் படித்துவிட்டு, நாள் முழுவதும் எங்கள் மகளை அந்தப் பெயராலேயே அழைத்திருக்கின்றனர். மறுநாள் முதல் அவள் தெருமுனை வரையில் கோட்டை அணிந்து சென்று, பிறகு கழற்றிப் பையில் திணித்துக்கொண்டாள். நான்காம் நாள் காய்ச்சலுடன் வீடு திரும்பினாள். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது ஒலி கேட்டது. அவள் பையைத் துழாவியபோதுதான் கசங்கிக் கிடந்த கோட்டு எங்களுக்குச் செய்தி சொல்லிற்று.

அன்றிரவு மருத்துவரிடம் சென்று திரும்பியபோது பாட்டியின் தோற்றம் எங்களைத் திடுக்கிடச் செய்தது. மூட்டையில் இருந்த பழுப்பு நிற ஸ்வெட்டரைப் புடவையின்மேல் அணிந்துகொண்டு, குழந்தைக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தார்.

"இங்கே பாரு, நானே போட்டுண்டுட்டேன். பேகன் மயிலுக்குப் போர்த்தினது என்ன புதுப் போர்வையா? அவன் போர்த்திண்டிருந்ததுதானே" என்றார்.

குழந்தை தேறிய பின், கோட்டில் இருந்த பெயரைப் பிரித்துவிடலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்று சொல்லி, அப்பெயரின் கீழேயே எங்கள் மகளின் பெயரைச் சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அது வேறொரு வீட்டுக்குப் போயிற்று. பின்னர் மற்றொரு வீட்டுக்கு. ஐந்து பெயர்கள் ஏறியது வரையில் அக்கோட்டைப் பற்றி எங்களுக்குச் செய்தி உண்டு.

பழுப்பு ஸ்வெட்டரின் முழங்கை சில ஆண்டுகளில் தேய்ந்துவிட்டது. எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் அதை வாங்கி இழை இழையாகப் பிரித்தார். நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சுருக்கம் நீங்கக் காயவைத்தார். போதாத இடத்துக்குச் சாம்பல் நிற நூலைச் சேர்த்துப் புதிதாகப் பின்னிக் கொடுத்தார். நாள்தோறும் வெயிலில் அருகமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டி, "பிரிச்சு நனைச்சாச்சு, இனி இது புதுசு" என்று தீர்ப்புக் கூறினார்.

அந்த அம்மையார் கையால் செய்ததை ஊரளவில் செய்யும் இடமும் உண்டு. மூன்று போர்களால் நாம் அறிந்த பானிப்பட், டில்லிக்கு வடக்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வெளிநாடுகளில் கழித்த கம்பளியுடைகளை அங்கே கொணர்ந்து, பொத்தானும் ஜிப்பும் நீக்கி, நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, மீண்டும் நூற்று, போர்வையாக நெய்கின்றனர். நிறவாரியாகப் பிரித்துவிடுவதால் சாயம் ஏற்றும் தேவையும் குறைகிறது. இங்கிலாந்தின் பாட்லி நகரில் 1813-ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றிய தொழில் இது. இந்நாளில் பாலியெஸ்டர்ப் போர்வைகள் அதனுடன் போட்டியிடுகின்றன. எனினும் வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் வீடிழந்தவர்மேல் போர்த்திய போர்வைகளில் பல பானிப்பட் தந்தவை.

டில்லிக்குள்ளேயே ரகுபீர் நகரில் விடியுமுன் கூடும் சந்தை ஒன்று உண்டு. குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வாக்ரி சமூகப் பெண்கள் தெருத்தெருவாகச் சென்று, பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்துத் திரட்டியவற்றை அங்கே விற்கின்றனர். நம்மூரிலும் இத்தகைய பண்டமாற்று உண்டு. ஆனால் அத்துணி பிறகு எங்கே போகிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. 1999-இல் அன்ஷு குப்தா டில்லியில் தொடங்கிய கூஞ்ச் என்னும் அமைப்பு, சிற்றூர் மக்கள் தம் ஊருக்குச் செய்யும் பணிக்கு ஈடாகத் துணியை அளிக்கிறது. 2015-இல் அவருக்கு மக்சாசே விருது கிடைத்தது. பிறர் உடுத்ததைப் பெறுபவர் தலைகுனிய வேண்டியதில்லை என்பதே இம்முறையின் உட்பொருள். எங்கள் பாட்டி அதைச் சிவப்பு நூலால் செய்தார்.

பாட்டி 2012-இல் காலமானார். அவருடைய உடைகளை எல்லாம் கொடுத்துவிட்டோம். பழுப்பும் சாம்பலும் கலந்த அந்த ஸ்வெட்டரை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வெயிலில் காயவைத்து, மடித்து, திரும்பப் பெட்டியில் வைத்துவந்தோம். எவர் குளிரையும் போக்காமல் அது பாச்சை உருண்டையுடன் உறங்கியது.

இப்போது நாங்கள் புறப்பட வேண்டிய முறை வந்துள்ளது. வரும் பங்குனியில் கும்பகோணம் திரும்புகிறோம். கீழ்வீட்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஓர் இளங்குடும்பம் சென்ற மாதம் வந்திருக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை இரவெல்லாம் இருமுவது மாடிவரை கேட்கிறது. சென்ற ஞாயிறன்று பெட்டியை அப்படியே அவர்கள் வீட்டுக்கு இறக்கினோம். ஸ்வெட்டரைத் தனியே எடுத்துவைக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்பு அதையும் உள்ளேயே வைத்தோம். அக்குழந்தையின் தாய்க்குப் பின்னல் தெரியும். பிரித்தால் குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டரும் இரண்டு குல்லாயும் ஆகும் என்று கணக்கிட்டுச் சொன்னார்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடுக்கும் கம்பளியைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுங்கள். தைத்திருக்கும் பெயரைப் பிரிக்காமல், கீழே இன்னொரு பெயருக்கு இடம் உண்டென்று சொல்லிக் கொடுங்கள். மார்கழி வரட்டும் என்று காத்திராதீர்கள். புதிதாக வந்தவர்கள் குளிரை அறியாமல் நடுங்குவது ஐப்பசியில்தான். உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைந்த அன்றே பெட்டியைத் திறந்துவிடுங்கள்.