கத்திக்கு முன்னால் கட்டைவிரல்

பிள்ளை வளைந்த பாதத்தோடு பிறந்தால், எங்கள் பக்கத்தில் முதலில் வருவது கிரகணப் பேச்சு. மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று அரிவாள்மணையைத் தொட்டாள் என்று பழி தாயின் தலையில் விழும். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஏறத்தாழ ஆயிரம் குழந்தைக்கு ஒன்று, பாதம் உள்பக்கம் மடங்கி, குதிகால் மேலேறிப் பிறக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இருமடங்கு அதிகம்.

செவிலியராக இருக்கும் தோழி ஒருத்தி சொல்லித்தான், தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் செவ்வாய்தோறும் நடக்கும் வளைபாத கிளினிக்குக்குப் போனேன். நடைபாதையில் பிளாஸ்டிக் வாளிகள். போன வார மாவுக்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, தாய்மார்களே சுருள் சுருளாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் மேசையில் கத்தி இல்லை. தாய் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் பாதத்தைக் கையில் வாங்கி, கணுக்காலுக்கு முன்னால், வெளிப்பக்கமாகப் புடைத்துத் தெரியும் எலும்பைக் கட்டைவிரலால் தேடுகிறார். அதுதான் தாலஸ். கட்டைவிரலை அதன்மேல் ஊன்றிக்கொண்டு, மறுகையால் பாதத்தின் முன்பகுதியை மெல்ல வெளிப்பக்கம் கொண்டுபோகிறார். குதிகாலைத் தொடவே இல்லை. முன்பாதம் சரியான திசையில் போனால் குதிகால் தானாகப் பின்னால் வருமாம். பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினால் அவர் கையும் நிற்கிறது.

பஞ்சு சுற்றி, நனைத்துப் பிழிந்த கட்டுத் துணியைப் போடுவது அங்கே வெகுகாலமாக வேலை பார்க்கும் ஓர் அண்ணன். மாவு சூடேறி இறுகும்வரை டாக்டர் விரல்கள் ஓரிடத்தில் அழுத்தாமல் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பிறகு முழங்காலை மடக்கித் தொடைவரை கட்டுகிறார்கள். முழங்காலோடு நிறுத்தினால் கட்டு உருவிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் அண்ணன் பிள்ளையின் கால்விரலை அழுத்திவிட்டுப் பார்க்கிறார். வெளுத்த இடம் மறுபடி சிவந்த பிறகுதான் ஆளை அனுப்புகிறார்.

முதல் கட்டு போட்டதும் ஒரு தாய் பதறிப்போனார்: “சார், முன்னைக்கு இப்ப இன்னும் கோணலால்ல தெரியுது?” உண்மைதான். முன்பாதத்தை முதலில் பின்பாதத்தோடு ஒரே கோட்டில் சேர்க்க வேண்டும். அதனால் முதல் வாரம் பார்வைக்கு மோசமாகத்தான் இருக்கும். “பொறு தாயி, அஞ்சாவது கட்டுக்கு நீயே சொல்லுவ” என்றார் டாக்டர்.

இந்த முறையை உருவாக்கியவர் இக்னாசியோ போன்செட்டி. 1914இல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்து, உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்து, 1941இல் அமெரிக்காவின் அயோவாவுக்குப் போனவர். அறுத்துச் சரிசெய்த பாதங்கள் விறைத்துப்போவதைக் கண்டு, கையாலேயே திருத்தும் வழியைக் கண்டுபிடித்தார். 1963இல் எழுதினார், முப்பது வருடம் உலகம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதே 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்டும் இதே உண்மையை வேறொரு வழியில் தொட்டிருக்கிறார். லண்டனில் டெனிஸ் பிரவுனிடம் வேலை பழகிவிட்டு வேலூர் வந்தவர் அவர். வைத்தியமே பார்க்காமல் வளர்ந்த நம் பிள்ளைகளின் பாதம், லண்டனில் வலிந்து நிமிர்த்திய பாதங்களைவிட இளக்கமாக இருந்ததைக் கண்டார். பலவந்தம் உள்ளே தழும்பாகிறது.

ஐந்தாறு கட்டுக்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு. மரத்துப்போகும் ஊசி போட்டு, தையல்கூட இல்லாமல் முடிந்துவிடுகிறது. மூன்று வாரக் கட்டுக்குள் தசைநாண் மறுபடி சேர்ந்துவிடும்.

இனிமேல்தான் சிரமம். இரண்டு ஷூவை ஒரு கம்பியில் பூட்டிய ‘கம்பி ஷூ’. மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். பிறகு நாலைந்து வயதுவரை தூங்கும்போதெல்லாம். பிள்ளை அழுகிறது என்று பாட்டி கழற்றிவிடுவார். பாதம் மறுபடி உள்ளே திரும்பும். அண்ணன் முதலில் பார்ப்பது ஷூ வாரின் ஓட்டையை. தினமும் மாட்டியிருந்தால் ஓட்டை இழுபட்டிருக்கும். அன்று வந்த ஒரு ஷூ புதுசாகவே இருந்தது. அவர் திட்டவில்லை. “ராத்திரி அழுதா தூக்கி மடியில போட்டுக்கங்கம்மா, கழட்டிறாதீங்க” என்றார்.

என்னைக் கொதிக்கவைத்தது வாசலில் நிற்கும் புரோக்கர் கூட்டம். “வாராவாரம் எதுக்கு அலையணும், ஒரே ஆபரேஷன்ல நேராயிரும்” என்று சொல்லி, பாதிக் கட்டில் பிள்ளைகளைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள். நகையை அடகுவைத்து வாங்கும் அந்த அறுவை, பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போகும் வயதில் வலியாகவும் விறைப்பாகவும் திரும்பி வரலாம். இங்கே கட்டு இலவசம்தான். ஆனால் வாரம் ஒருநாள் கூலியும் பஸ் காசும் யார் தருவது? அந்த ஓட்டையில்தான் புரோக்கர் நுழைகிறான். பயணப்படியாகச் சில நூறு ரூபாயை அரசு கொடுத்தால் அவனுக்கு அங்கே வேலையே இருக்காது.

டாக்டரோடு படித்தவர்கள் மூட்டு மாற்று சிகிச்சையில் பேர் வாங்கியிருக்கிறார்கள். இவர் எலும்பு மருத்துவம் முடித்தபின் குழந்தைகளுக்கென்று தனியாகப் பயின்றவர். ஏன் என்று கேட்டேன். “வளர்ற எலும்பு நாம செஞ்ச நல்லதையும் வளர்க்கும், தப்பையும் வளர்க்கும். அதான் இதுல பயமும் ஜாஸ்தி, ஆசையும் ஜாஸ்தி” என்றார்.

மதியம் கூட்டம் கலைந்ததும் அண்ணன் நோட்டைத் திறந்து, வராதவர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. எடுத்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “அடுத்த செவ்வா பத்து மணிக்குள்ள வந்துருங்க. ஷூவ மறக்காம எடுத்துட்டு வாங்க, பிஞ்சிருந்தாலும் பரவால்ல.”