ஃபலோடி வெயிலில் கசியும் கிரீஸ்

பிகானேரிலிருந்து ஜெய்சால்மர் செல்லும் 11-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது ஃபலோடி. உப்பளங்களும் பழைய ஹவேலிகளும் கொண்ட இந்த ராஜஸ்தான் நகரத்தின் பெயரை நாடே அறிந்துகொண்டது 2016 மே 19 அன்று. அன்று இங்கு பதிவான வெப்பம் 51 டிகிரி செல்சியஸ். 1956 மே மாதம் ஆல்வாரில் பதிவான 50.6 டிகிரி என்ற பழைய சாதனை அத்துடன் முறிந்தது. 2024 மே மாதத்திலும் ஃபலோடி 50 டிகிரியைத் தொட்டது.

பக்கத்துக் கீச்சன் கிராமத்துக்கு வரும் வெளிநாட்டுக் கொக்குகளைப் பார்க்கக் குளிர்காலத்தில் பயணிகள் குவிகிறார்கள். கோடையில் கொக்குகளும் இல்லை, பயணிகளும் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அப்படி ஒதுங்க வழியில்லை. பால் கேன்களோடும் குடும்பத்தோடும் அவர்களின் மோட்டார் சைக்கிள்கள் அதே வெயிலில் ஓடுகின்றன, அதே வெயிலில் நிற்கின்றன.

அப்படி நிற்கும் வண்டிகள் சிலவற்றில் ஹேண்டிலுக்குக் கீழே பழுப்பு நிறக் கோடு ஒன்று வழிந்திருக்கும். பார்த்தவுடன் ஃபோர்க் ஆயில் கசிவதாகவே தோன்றும். ஆயில் சீலை மாற்றச் செலவும் ஆகும். ஆனால் ஃபோர்க் ஆயில் கசிவது கீழே, குழாய்க்குள் குழாய் நுழையும் இடத்தில். கோடு அதற்கு மேலே, ஹேண்டில் தண்டின் அடியிலிருந்து தொடங்கினால், அது தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் கோன் செட் என்று சொல்லும் ஸ்டீயரிங் பேரிங்கின் கிரீஸ். துடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் எது என்பது தெரிந்துவிடும்.

கிரீஸ் உருகிவிட்டதா? இல்லை. வண்டிகளில் பரவலாகப் பயன்படும் லித்தியம் கிரீஸ் உருகிச் சொட்ட 180 டிகிரிக்கு மேல் வேண்டும். பாலைவன வெயிலில் காயும் இரும்புகூட அதன் பக்கத்தில் போவதில்லை. கிரீஸ் என்பது ஒரு வகை சோப்புக்குள் பிடித்து வைத்த எண்ணெய். நீர் நிறைந்த பஞ்சைப் போல. சூடு ஏற ஏற எண்ணெய் இளகி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வெளியேறுகிறது. புதிதாக அளவுக்கு மீறி அடைத்த கிரீஸில் கொஞ்சம் வழிந்தால் கவலையில்லை. பழைய கிரீஸ் வருடக்கணக்கில் வழிந்தால், உள்ளே மிஞ்சுவது காய்ந்த சோப்பு மட்டுமே. வெளியே வந்த பிசுக்கில் தார்ப் பாலைவனத்தின் நுண்மணல் ஒட்டிக்கொள்கிறது. அது உள்ளே நுழைந்தால் உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்யும்.

இந்த ஊர்ச் சாலைகளும் சேர்ந்து சதி செய்கின்றன. பல கிலோமீட்டருக்கு வளைவே கிடையாது. ஹேண்டில் நடுவிலேயே நிற்க, ஒவ்வொரு குழியின் அடியும் பேரிங் குண்டுகளின் வழியே கிண்ணத்தில் அதே இடத்தில் விழுகிறது. எண்ணெய்ப் படலம் இல்லாத இடத்தில் சிறு சிறு பள்ளங்கள் உண்டாகின்றன. பிறகு ஹேண்டிலைத் திருப்பும்போது, நேராக வரும் இடத்தில் குண்டுகள் பள்ளத்தில் 'டக்' என்று உட்கார்ந்துகொள்ளும். நேர்ச்சாலையில் வண்டி லேசாக அலையும். அவசரமாக ஒதுங்க வேண்டிய நொடியில் ஹேண்டில் ஒரு கணம் தயங்கும்.

கண்டுபிடிப்பது எளிது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரம் தரையைத் தொடாமல் நிறுத்தி, ஹேண்டிலை இரு பக்கமும் மெல்லத் திருப்ப வேண்டும். எங்கும் தடங்கக் கூடாது. ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் தொளதொளப்பு இருக்கக் கூடாது. கிரீஸ் மட்டும் காய்ந்திருந்தால், பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்திப் புதிய கிரீஸ் வைத்தால் போதும். பழையதன் மேலேயே புதியதைத் திணிக்கக் கூடாது. வெவ்வேறு வகைக் கிரீஸ்கள் கலந்தால் மேலும் இளகிப்போவதுண்டு. பள்ளம் விழுந்துவிட்டாலோ முழு செட்டையும் மாற்றியாக வேண்டும். நட்டை இறுக்கிச் சமாளித்தால் ஹேண்டில் கனக்கும், தேய்மானம் கூடும்.

கோடை முடிந்து ஆவணி, புரட்டாசி வாக்கில் ராம்தேவ்ரா திருவிழா வரும். ஃபலோடிக்கும் பொக்ரானுக்கும் இடையே உள்ள அந்தக் கோயிலை நோக்கி, கொடி பிடித்த பக்தர்கள் நெடுஞ்சாலை ஓரமாக இரவும் பகலும் நடப்பார்கள். அதுவரை நேராகவே ஓடிய மோட்டார் சைக்கிள்கள் அப்போதுதான் அடிக்கடி ஒதுங்கியாக வேண்டும். மே மாத வெயிலில் வழிந்த கிரீஸுக்குக் கணக்குத் தீர்க்கப்படுவது அங்கேதான்.