உப்பு விற்றவர்கள் குற்றவாளிகள் ஆன கதை

1880இல் மெல்போர்னில் தூக்கிலிடப்பட்ட கொள்ளைக்காரர் நெட் கெல்லிக்குச் சினிமா உண்டு, புத்தகங்கள் உண்டு. ஆனால் மரக்காணம் உப்பளத்தில் கீற்று போட்டு மூடிய குவியல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறு ஆட்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

உப்புக் குறவர்கள். மாடு, கழுதை முதுகில் மூட்டை ஏற்றி, கடற்கரை உப்பை உள்நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றியவர்கள். 1805இல் சென்னை மாகாணத்து உப்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமானது. பின்னால் ரயில் வந்தது, மூட்டைகள் அதில் ஏறின. தாது வருஷப் பஞ்சத்தின் ரணம் ஆறுவதற்குள், 1877 கடைசியில், உப்பு வரியை மணங்குக்கு 2 ரூபாய் 8 அணாவாக ஏற்றினார்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

பிழைப்பைப் பிடுங்கிவிட்டுப் பிறகு குற்றவாளி என்ற பட்டமும் கொடுத்தார்கள். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பத்து விரலையும் மையில் உருட்டி எடுப்பார்கள். ராத்திரி ஆஜர் கொடுக்க வேண்டும், ஊர் தாண்டச் சீட்டு வேண்டும். ஊர் ஊராகப் போவதுதானே ஐயா அவர்கள் தொழிலே!

1947இல் மாகாணத்தில் அந்தச் சட்டம் ரத்தானது. ஆனால் ஒட்டிய பட்டம் போகவில்லை. 1993இல் விருத்தாசலம் பக்கம், திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துப்போய்ப் போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டவர், ‘ஜெய் பீம்’ படத்துக்கு அடிப்படையான வழக்கில் வருபவர், ஒரு குறவர்.